எந்தக் கடைக்கு எந்த நேரம்: ஆடியில் மதுரையின் புதுக் கடைகள்

2025 ஜூலை 18, வெள்ளி. புது நத்தம் சாலை

மதுரையில் சாப்பிடப் புதுக் கடை தேடுகிறவர்கள் இப்போது முதலில் போக வேண்டியது புது நத்தம் சாலைக்கு. 2023 ஏப்ரலில் 7.3 கிலோமீட்டர் நீளப் பறக்கும் பாலம் திறந்ததும் வெளியூர் வண்டிகள் மேலேயே போய்விட்டன. அதே வருடம் ஜூலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்தது. பாலத்துக்குக் கீழே இருக்கும் கடைகள் இப்போது நம்பியிருப்பது அக்கம்பக்கத்துக் குடும்பங்களையும் நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளையும்தான். இவர்கள் தினமும் வருகிறவர்கள், விலை தெரிந்தவர்கள். ஒரு தடவை சாம்பார் புளித்தால் மறுநாள் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள். அதனால்தான் இந்தச் சாலையில் கடை திறப்பதும் மூடுவதும் வேகமாக நடக்கிறது.

இன்று ஆடி இரண்டாம் தேதி, முதல் ஆடி வெள்ளி. இந்த நாளில் அசைவக் கடையைச் சோதிக்கப் போகக் கூடாது. கூட்டம் வராது என்று தெரிந்து கறி குறைவாகத்தான் எடுத்திருப்பார்கள், பலகையில் எழுதியதில் பாதி இருக்காது. ஆகவே சைவ டிபன்.

மாலை 6.45. வெயில் போன பிறகும் தார் ரோட்டுச் சூடு முகத்தில் அடிக்கிறது. கடைக்குள் எட்டு மேஜை, மேலே நாலு மின்விசிறி, ஏசி அறை தனி. ஏசிக்கு விலை கூடுதல் என்பது மெனு அட்டையின் கடைசி வரியில் பொடி எழுத்தில் இருக்கிறது. உட்காரும் முன் கேட்டுக்கொள்வது நல்லது.

புதுக் கடையில் முதலில் இட்லிதான் சொல்ல வேண்டும். நெய் ரோஸ்ட்டை நெய் காப்பாற்றிவிடும், பூரியை எண்ணெய் காப்பாற்றிவிடும். இட்லிக்கு அப்படி எந்தத் துணையும் கிடையாது. நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போட்டு அரைத்த மாவு, மதுரைச் சூட்டில் ஏழெட்டு மணி நேரத்தில் பொங்கிவிடும். ராத்திரி அரைத்தது காலைக்குச் சரியாக இருக்கும். அதே மாவை மாலை வரை வெளியே வைத்திருந்தால் புளிப்பு ஏறி, இட்லி நடுவில் அமுங்கி, பிட்டால் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். நல்ல கடைகளில் காலை பத்து மணிக்கு மாலைக்கென்று இரண்டாவது ஈடு அரைப்பார்கள். இங்கே அரைத்திருக்கிறார்கள். விரலால் அழுத்தி எடுத்தால் குழி மேலே எழும்பி வந்தது, வாயில் மாவுப் புளிப்பு இல்லை.

சட்னி நாலு வந்தது. தேங்காய் விலை ஏறிக் கிடக்கிற இந்த வருடத்தில் கடையின் யோக்கியதையை வெள்ளைச் சட்னி காட்டிக்கொடுத்துவிடும். தட்டில் ஊற்றி ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். தேங்காய் அதிகம் இருந்தால் ஓரத்தில் தண்ணீர் பிரியும். பொட்டுக்கடலை அதிகம் இருந்தால் கெட்டியாகி அப்படியே நிற்கும். இங்கே நின்றது. குற்றம் சொல்ல மாட்டேன். இரண்டு இட்லி 24 ரூபாய்க்குக் கொடுத்து, கேட்கக் கேட்கச் சட்னியும் ஊற்றுகிறவர்கள் முழுத் தேங்காயும் போட்டால் மூன்றாம் மாதம் கடைக்கு வாடகை கொடுக்க முடியாது.

உளுந்த வடை 12 ரூபாய். ஏழு மணிக்கு வந்தது வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு. ஏழரைக்குப் பக்கத்து மேஜைக்குப் போன வடை எண்ணெய் குடித்திருந்தது. மாவு தண்ணீர் விட்டுக்கொண்டது காரணம். உளுந்தை ஆட்டி அரை மணி நேரத்துக்குள் சுட்டு முடிக்க வேண்டும், உப்பை வடை சுடும்போதுதான் சேர்க்க வேண்டும். முன்கூட்டியே உப்புப் போட்டு வைத்தால் இதுதான் கதி.

எதிரில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. ஒரு பெரியவர் "இங்க ஆள் வருதா தம்பி?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். சாம்பார் வாளி வந்தபோது "அவருக்கு ஊத்துப்பா மொதல்ல" என்றார். அறிமுகமில்லாத ஆட்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடும் இந்தப் பழக்கம் ஏசி அறைக்குள் இல்லை.

காபி 20 ரூபாய், டிகாஷன் இரண்டாவது இறக்கம். டபராவில் ஆற்றியதும் நிறம் வெளுத்துவிட்டது. இதற்குத்தான் ஆறு மணிக்கே வந்திருக்க வேண்டும்.

ஜூலை 19, சனி. கோச்சடை, பைபாஸ் சாலை

சனி ராத்திரி என்றால் பரோட்டா. கோச்சடைப் பக்கம் திறந்தவெளியில் மேஜை போட்ட புதுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், வாழை இலை எம்மாத்திரம். சப்ளையர் இலையைப் போட்டு, நாலு மூலையிலும் தண்ணீர் டம்ளரை வைத்துவிட்டுப் போகிறார். புழுதியும் சேர்ந்து வருகிறது. காற்றுக் காலத்தில் சாலைக்கு முதுகு காட்டும் மேஜையைப் பிடியுங்கள், சால்னாவில் மண் கடிக்காது.

பரோட்டாவுக்குச் சரியான நேரம் ஏழரை முதல் ஒன்பது. ஆறரைக்குப் போனால் கல் சூடேறியிருக்காது. முதல் ஈடு வெளியே சிவந்து உள்ளே பச்சை மாவாக இருக்கும். பத்து மணிக்கு மேல் அடுக்கி வைத்ததைச் சூடு காட்டித் தருவார்கள், அது இழுக்கும். இடைப்பட்ட நேரத்தில் கல்லிலிருந்து நேராக இலைக்கு வரும்.

கல்லுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். ஒரு கிலோ மைதாவுக்கு அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல் தண்ணீர், 15 முதல் 20 கிராம் உப்பு, ஒரு கைச் சர்க்கரை, 50 மில்லி எண்ணெய். கால் மணி நேரமாவது பிசைந்து, எண்ணெய் தடவிய ஈரத் துணி போட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊற வைக்க வேண்டும். பிறகு 80 கிராம் உருண்டை பிடித்தால் கிலோவுக்கு 20 பரோட்டா வரும். உருண்டையும் அரை மணி நேரம் எண்ணெயில் கிடக்க வேண்டும். கூட்டம் நெருக்கும்போது மாஸ்டர் திருடுவது இந்த இரண்டாவது ஊறலைத்தான். ஊறாத உருண்டையை வீசினால் ஓரம் கிழியும், தட்டினால் ரப்பராகச் சுருங்கித் திரும்பும். வீசும்போது மாவு கண்ணாடியாக விரிந்து அடியில் இருக்கும் கல்மேடை தெரிந்தால் பயமில்லாமல் உட்காரலாம்.

சுட்டு எடுத்ததும் நாலைந்தை அடுக்கி இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடிக்கிறார்களா என்றும் பாருங்கள். அந்த அடியில்தான் அடுக்கு பிரிகிறது. கை சுடும் என்று கிடுக்கியால் அழுத்துகிற கடையில் பரோட்டா தட்டையாகத்தான் வரும். இங்கே மாஸ்டர் அடித்த சத்தம் சாலைக்குக் கேட்டது. பரோட்டா 18 ரூபாய். பன் பரோட்டா 30, சின்னதாகச் சுற்றி உயரமாக விட்டது. பன் பரோட்டாவை நடுவில் விரித்துப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தால் தீ அதிகம் வைத்து அவசரமாக எடுத்தது. திருப்பிக் கொடுத்தால் முகம் சுளிக்காமல் மாற்றுகிறார்கள்.

மதுரைச் சப்ளையரின் மரியாதை இலையில் தெரியும். "பிச்சுப் போடவாண்ணே?" என்று கேட்பார். சரியென்றால் பரோட்டாவைத் தன் கையாலேயே துண்டு துண்டாகப் பிய்த்துப் போட்டு, நடுவில் குழி பறித்துச் சால்னா ஊற்றி, "ஊறட்டும்ணே, ரெண்டு நிமிசம்" என்று சொல்லிவிட்டுப் போவார். வெளியூர்க்காரர்கள் சிலர் கையைப் பார்த்துத் தயங்குகிறார்கள். வேண்டாம் என்றால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

சால்னாவுக்கு எலும்புதான் ஆதாரம். சோம்பு, கசகசா, தேங்காய் அரைத்து ஊற்றி, எலும்போடு சேர்த்துக் கொதிக்க வைத்ததில் மேலே எண்ணெய் மெல்லிசாக மிதக்கும். எட்டரை மணிக்கு அண்டா குறையும்போது வெந்நீர் ஊற்றி நீட்டுவது பல கடைகளில் வழக்கம். நிறம் அப்படியே இருக்கும், ஏனென்றால் மிளகாய்த்தூள் சேர்ப்பார்கள். ஆனால் சோம்பு வாசனை போய்விடும். இந்தக் கடையில் ஒன்பது மணிச் சால்னாவுக்கும் எட்டு மணிச் சால்னாவுக்கும் வித்தியாசம் தெரிந்தது.

அடுத்த சோதனை கறி தோசை. சிம்மக்கல் கோனார் மெஸ் இதற்குப் பேர் போனது என்பதை மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புதிதாகத் திறக்கிற அசைவக் கடை எல்லாமே அதை மெனுவில் போட்டுவிடுகிறது. செய்முறை மூன்று அடுக்கு. அடியில் ஊத்தப்பம் கனத்துக்கு ஒன்றரைக் கரண்டி மாவு, அதன் மேல் அடித்த முட்டை, முட்டை பாதி இறுகும்போது பொடிப் பொடியாக நறுக்கி வெந்த ஆட்டுக்கறி. பிறகு திருப்பிப் போட்டு, கரண்டியால் அழுத்தி, கறி கல்லில் பட்டு லேசாகத் தீயும் வரை விட வேண்டும். அந்தத் தீய்ந்த ஓரத்துக்குத்தான் காசு.

கெடுவது மூன்று இடங்களில். கறியில் குழம்பு ஈரம் இருந்தால் தோசை நடுவில் சொதசொதத்துத் திருப்பும்போது உடையும். மாவு அன்றைக்கு அரைத்துப் புளிக்காததாக இருந்தால் அடி வெள்ளையாக இருக்கும். மூன்றாவது, பரோட்டா போட்ட அதே கல்லில் தோசை ஊற்றுவது. எண்ணெய் ஊறிக் கொதிக்கிற கல்லில் மாவு பிடிக்காது, கரண்டியோடு சுருண்டு வந்துவிடும். தண்ணீர் தெளித்துத் துணியால் துடைத்து, சூட்டை இறக்கி ஊற்ற வேண்டும். கூட்ட நேரத்தில் எந்த மாஸ்டருக்கும் அதற்குப் பொறுமை கிடையாது. ஆக, தனி தோசைக்கல் இல்லாத கடையில் கறி தோசை வேண்டுமானால் ஏழு மணிக்கு முன் அல்லது பத்துக்கு மேல் போங்கள். இந்தக் கடையில் இரண்டு கல்லும் இருந்தும் ஒரே மாஸ்டர். எட்டே முக்காலுக்குச் சொன்ன கறி தோசை ஒன்பதே காலுக்கு வந்தது, ஓரத்தில் முட்டை வழிந்து நடுவில் கறி குவிந்து கிடந்தது. 220 ரூபாய். கறி மட்டும் நன்றாக வெந்திருந்தது.

பணம் கட்டும் இடத்தில் ஒரு சிக்கல். பக்கத்து மேஜைக்காரர் கியூஆர் அட்டையைக் காட்டி 640 ரூபாய் அனுப்பினார், கணக்கில் பிடித்துவிட்டது, கல்லாவில் இருந்த பெட்டி பேசவே இல்லை. கல்லாக்காரர் "வரலண்ணே, திரும்ப அடிங்க" என்றார். அவசரப்பட்டு அடிக்க வேண்டாம். ரிசர்வ் வங்கி விதிப்படி, கடைக்குப் போய்ச் சேராமல் கணக்கில் மட்டும் கழிந்த யுபிஐ தொகை, பணம் பிடித்த நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. பரிவர்த்தனை எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு ரொக்கமாகக் கொடுத்துவிட்டு வருவதே நல்லது. கையில் ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாள் இல்லாமல் புதுக் கடைக்குப் போகாதீர்கள்.

ஜூலை 20, ஞாயிறு. திண்டுக்கல் சாலை

சமயநல்லூர் தாண்டியதும் சாலையின் இரண்டு பக்கமும் பிரியாணிப் பலகைகள். போய்ச் சேர்ந்தது 2.10. "மட்டன் தீந்துருச்சுண்ணே, குஸ்கா இருக்கு, சிக்கன் அடுத்த தம் மூணு மணிக்கு" என்றார்கள். ஞாயிறு பிரியாணிக்கு இரண்டு மணி என்பது ரயில் போன பிறகு ஸ்டேஷனுக்கு வந்த மாதிரி.

இப்படிப்பட்ட கடைகளில் முதல் அண்டாவைப் பன்னிரண்டுக்குள் தம் உடைப்பார்கள், இரண்டாவதை ஒன்று முதல் ஒன்றரைக்குள். சீரகச் சம்பாவுக்கு இந்தக் கணக்கு முக்கியம். அரிசி பொடிசு. அரை மணி நேரம் ஊறியதை ஒன்றுக்கு ஒன்றரைத் தண்ணீரில் போட்டு, வற்றியதும் மூடி மேல் கங்கு வைத்து இருபது நிமிடம் தம். உடைத்த முதல் முக்கால் மணி நேரம் பருக்கை தனித்தனியாக நிற்கும். இரண்டு மணி நேரம் அண்டாவில் கிடந்தால் அடியில் இருக்கும் மசாலாவையும் கொழுப்பையும் குடித்துக் களியாகிவிடும். பாஸ்மதி அவ்வளவு சீக்கிரம் கெடாது. புதுக் கடைகள் பலகையில் திண்டுக்கல் என்று எழுதிவிட்டு உள்ளே பாஸ்மதி போடுவதற்குக் காரணம் ருசியில்லை, இந்தப் பயம்.

திண்டுக்கல் பாணியில் நிறம் பழுப்பு. பச்சை மிளகாய், மிளகு, தயிர், எலுமிச்சைதான் காரமும் புளிப்பும். தக்காளியும் மிளகாய்த்தூளும் சேர்த்துச் சிவப்பாக வந்தால் அது வேறு பிரியாணி, நன்றாகவும் இருக்கலாம், பலகையை மட்டும் மாற்ற வேண்டும்.

விலையைப் பார்த்தே கறியை அளந்துவிடலாம். எலும்போடு ஆட்டுக்கறி கிலோ 850 ரூபாய் என்று வையுங்கள். வெந்தால் மூன்றில் ஒரு பங்கு குறையும். தட்டில் 100 கிராம் வெந்த கறி வர வேண்டுமானால் 150 கிராம் பச்சைக் கறி, அதுவே 127 ரூபாய். அரிசி, எண்ணெய், விறகு, ஆள் கூலி, இலை, வாடகை சேர்த்தால் 260 ரூபாய்க்குக் கீழே நாணயமான மட்டன் பிரியாணி கொடுப்பது கஷ்டம். இங்கே 280. ஒரு தட்டு 170 ரூபாய் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த இன்னொரு கடையில், சாப்பிடுகிறவர்களின் இலையைப் பார்த்தாலே தெரிந்தது: இரண்டு எலும்பு, ஒரு உருளைக்கிழங்கு.

குஸ்கா 120. கறி இல்லாவிட்டாலும் நடு அண்டாச் சோறு என்பதால் வாசனை இருந்தது. கோலா உருண்டை நாலு 100 ரூபாய். உருண்டையைப் பிட்டால் உதிர வேண்டும். கொத்துக்கறிக்கு ஒட்டுவதற்கென்று சேர்க்கும் பொட்டுக்கடலை மாவு கூடினால் வடை மாதிரி கடினமாகிவிடும், குறைந்தால் எண்ணெயிலேயே கரையும். கால் கிலோ கறிக்கு இரண்டு மேஜைக்கரண்டி மாவு போதும். இங்கே நாலைந்து போட்டிருப்பார்கள்.

திரும்பும்போது வாடிப்பட்டிப் பக்கமிருந்து கறுத்து வந்த மேகம் பத்து நிமிடம் பெய்துவிட்டுக் காணாமல் போனது. வெக்கை இன்னும் கூடியது.

ஜூலை 22, செவ்வாய். அண்ணா நகர்

செவ்வாய்க்கிழமையும் பல வீடுகளில் கறி கிடையாது. சாப்பாட்டுக் கடைகளுக்கு இது நல்ல நாள்.

ஆடியில் ஒரு விசேஷம் உண்டு. முகூர்த்தம் இல்லாததால் கல்யாண வேலைக்குப் போகும் சமையல் மாஸ்டர்களில் பலர் கடைகளுக்குத் தினக்கூலிக்கு வருவார்கள். இலை விலையும் இறங்கியிருக்கும். இன்றைய சாம்பாரில் கல்யாணப் பந்தி வாசனை அடித்தது அதனால்தான், கேட்டபோது சப்ளையரும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். ஆவணி பிறந்ததும் இந்த மாஸ்டர் போய்விடுவார். ஆடியில் பிடித்துப்போன கடையை ஆவணியில் ஒரு தடவை பார்த்துவிட்டு மற்றவர்களுக்குச் சிபாரிசு செய்யுங்கள்.

முழுச் சாப்பாடு 130, அளவுச் சாப்பாடு 90. பன்னிரண்டரைக்கு உட்கார்ந்தால் அவரைக்காய்ப் பொரியல், பூசணிக் கூட்டு, வத்தக்குழம்பு, ரசம், மோர் எல்லாம் முதல் பாத்திரத்திலிருந்து வரும். ஒன்றே முக்காலுக்கு மேல் பொரியல் முட்டைக்கோஸாக மாறும், ரசத்தில் தெளிவு கூடும், இரண்டாவது உலைச் சோறு நடுவில் அரிசியாக நிற்கும். வத்தக்குழம்பு மட்டும் நேரம் ஆக ஆக நன்றாக இருக்கும். தாமதமாகப் போகிறவர்கள் அதை இரண்டு தடவை வாங்கிக்கொள்ளலாம்.

ஒரு மணிக்கு மின்சாரம் போனது. அன்று அந்தப் பகுதிக்கு மாதப் பராமரிப்பு மின் நிறுத்தமாம், ஜெனரேட்டர் கல்லாவுக்கும் ஒரு விளக்குக்கும் மட்டும். வியர்வையில் யாரும் எழுந்து போகவில்லை. பரிமாறிய அக்கா ஒருவர் மெனு அட்டைகளை எடுத்து வந்து மேஜைக்கு ஒன்றாக விசிறக் கொடுத்தார். "சாப்பிட மட்டும் இல்லண்ணே, இதுக்கும் ஆகும்."

பில்லைப் பற்றி ஒரு வார்த்தை. உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாலும் பார்சல் வாங்கினாலும் ஜிஎஸ்டி 5 சதவீதம், மத்திய பங்கு இரண்டரை, மாநிலப் பங்கு இரண்டரை. 260 ரூபாய்க்கு 13 ரூபாய். வரி போட்ட பில்லில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருந்தாக வேண்டும், தமிழ்நாட்டில் பதிந்த எண் 33 என்று தொடங்கும். சின்னக் கடைகள் பல தொகுப்புத் திட்டத்தில் இருக்கும், அதாவது மொத்த விற்பனையில் ஒரு சிறு பங்கைத் தாங்களே வரியாகக் கட்டிவிடும் முறை. அவர்கள் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வசூலிக்கக் கூடாது. இந்த வட்டாரத்தில் ஒரு கடை எண் எதுவும் அச்சிடாமல் 5 சதவீதம் சேர்த்திருந்தது. பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் அமைதியாக "நம்பர் எங்கப்பா?" என்றார். அடுத்த நிமிடம் வரி இல்லாத பில் வந்தது. சர்வீஸ் சார்ஜ் என்று தனியாக ஒரு தொகை போட்டிருந்தால் அதையும் எடுக்கச் சொல்லலாம். அதை பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையிலேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் போட்டுவிட்டது. பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 25, வெள்ளி. கீழவாசல், விளக்குத்தூண்

வெயில் 38 டிகிரி. குடிக்க மட்டும் போன நாள்.

ஜிகர்தண்டாவுக்கு ஊரெல்லாம் புதுக் கடை. சுத்தமான கண்ணாடிப் பெட்டி, ஏழு வகை, 40 முதல் 110 ரூபாய் வரை. சாக்லேட் ஜிகர்தண்டா என்று ஒன்று இருக்கிறது, அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை. சாதாரணத்தையே வாங்குங்கள். பாதாம் பிசின் எட்டு மணி நேரமாவது ஊறியிருக்க வேண்டும். பத்து கிராம் கட்டி ஒரு பெரிய கிண்ணத்தை நிரப்பும். அவசரத்தில் நாலு மணி நேரத்தில் எடுத்தால் நடுவில் கல் மாதிரி கடிபடும், சரியாகக் கழுவாவிட்டால் மரப்பட்டைத் துணுக்கு பல்லில் மாட்டும். ஒரு லிட்டர் பால் அரை லிட்டராகச் சுண்டி லேசாகப் பழுப்பேறியிருக்க வேண்டும். அதன் மேல் நன்னாரி சர்பத், கடையிலேயே போட்ட பால் ஐஸ்கிரீம். வெனிலா வாசனை தூக்கலாக வந்தால் ஐஸ்கிரீம் வெளியிலிருந்து வாங்கியது. நன்னாரிக்குப் பதில் ரோஸ் எசன்ஸ் ஊற்றினால் நிறம் காட்டிக்கொடுத்துவிடும்: நன்னாரி பழுப்பு, எசன்ஸ் இளஞ்சிவப்பு.

மத்தியானம் மூன்று மணி நல்ல நேரம். காலையில் காய்ச்சிய பால் அதற்குள் முழுக்கக் குளிர்ந்திருக்கும். பதினொன்றுக்குப் போனால் இளஞ்சூட்டுப் பாலில் ஐஸ் போட்டுத் தருவார்கள், நீர்த்துவிடும்.

பருத்திப்பால் வண்டியில் 20 ரூபாய். ராத்திரி முழுக்க ஊறின பருத்தி விதையை அரைத்து, இரண்டு மூன்று தடவை வடிகட்டி, அரிசி மாவு கரைத்து விட்டுக் கிண்டி, வெல்லம் அல்லது கருப்பட்டி, சுக்கு, ஏலம், தேங்காய்ப் பூ. அடிப்பிடித்தால் முழுப் பானையும் வீண். கைவிடாமல் கிண்டுகிற வண்டியில் வாங்குங்கள். டம்ளரின் அடியில் நறநறவென்று தங்கினால் வடிகட்டியது போதவில்லை.

ஜூலை 27, ஞாயிறு. விருதுநகர்

மதுரைக்குத் தெற்கே நாலுவழிச் சாலையில் ஒரு மணி நேரம். எண்ணெய், மிளகாய், பருப்பு மொத்த வியாபாரத்துக்கு விருதுநகர் தலைநகரம், அங்கே பரோட்டாவை எண்ணெயில் பொரித்துத் தின்பதில் ஆச்சரியமில்லை. பழைய பர்மா கடைப் பெயரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். இந்தத் தடவை பார்த்தது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புதிதாக வந்த ஒன்று.

திருமங்கலம் தாண்டியதும் காற்று வண்டியை ஓரத்துக்குத் தள்ளுகிறது. இரு சக்கர வண்டியில் போகிறவர்கள் இந்த மாதத்தில் லாரியை ஒட்டிப் போக வேண்டாம்.

கல் நடுவில் குழிந்தது. குழியில் எண்ணெய் நிற்கும், விளிம்பு மேட்டில் வடியும். உள்ளங்கை அளவுக்குச் சின்னதாகத் தட்டிய பரோட்டாவை முதலில் மேட்டில் வாட்டி, பிறகு குழிக்குள் தள்ளுகிறார்கள். இரண்டு நிமிடத்தில் பொன்னிறம். எடுத்து மறுபடி மேட்டில் சாய்த்து வைத்து எண்ணெயை வடிய விட வேண்டும். அவசரத்தில் வடிக்காமல் தட்டில் போட்டால் நொறுங்குவதற்குப் பதில் பிழிந்தால் சொட்டும். எண்ணெய் போதுமான சூட்டில் இல்லாவிட்டாலும் அதே கதிதான். இங்கே முதல் ஈடு அப்படித்தான் வந்தது, ஆறரை மணி, கல் இன்னும் தயாராகவில்லை. ஏழரைக்கு வந்த ஈடு கை பட்டாலே உடைந்தது. ஒன்று 20 ரூபாய். எண்ணெய் பழசா என்று பார்க்க ஒரு வழி: நுரை பரோட்டாவைச் சுற்றி மட்டும் வந்து அடங்கினால் சரி, கல் முழுக்கப் பொங்கி நின்றால் பலநாள் எண்ணெய்.

சால்னா மதுரையைவிட நீர்ப்பாக இருக்கும், குறை இல்லை, பொரித்ததற்கு அதுதான் பொருத்தம். உப்புக் கறி 160, சின்ன வெங்காயமும் வற்றல் மிளகாயும் தூக்கலாக, தூள் எதுவும் இல்லாமல். கல்லாவில் இருந்த அம்மா "மொதத் தடவையா? சால்னாவ மேல ஊத்திராதீங்க, தொட்டுச் சாப்பிடுங்க" என்று சொல்லிக் கொடுத்தார். ஊற்றினால் ஒரு நிமிடத்தில் ஊறி, சாதாரணப் பரோட்டாவாகிவிடும், பொரித்த கூலி வீண்.

பார்சல் கேட்டால் கட்டித் தருவார்கள், ஆனால் இலைக்குள் ஆவி அடைந்து பத்து நிமிடத்தில் நமத்துப்போகும். மதுரை வரை கொண்டுவர வேண்டுமானால் ஆற வைத்துக் காகிதப் பையில் திறந்தபடி வாங்கி, சால்னாவைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள். வீட்டில் எண்ணெய் விடாமல் இரும்புக் கல்லில் மிதமான தீயில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம் போட்டால் முக்கால்வாசி மொறுமொறுப்பு திரும்பும். மைக்ரோவேவில் வைத்தால் தோல். சால்னா தீர்ந்ததும் கல்லை அணைத்துவிடுகிறார்கள், இந்த ஞாயிறு அது ஒன்பதே கால்.